வத்திப்பெட்டிப் படங்கள்

சேர்த்து வைப்பதில் மனிதனுக்கு உள்ள ஆசைக்கு அளவே கிடையாது. பணம் சேர்ப்பவர்களைப் பற்றி நான் இங்கே சொல்ல வரவில்லை. அவர்களுடைய க்ஷேமலாபங்களை விசாரிக்க வருமான வரி இலாகா இருக்கிறது. காசுக்கு உதவாத பொருள்களை, காசு கொடுக்காமலே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிச் சேர்க்கிறார்களே, அந்தப் புண்ணியவான்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் மயிலாப்பூரில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சம் இல்லை. தபால் தலை சேர்ப்பவர் உண்டு. செல்லாத நாணயம் சேர்ப்பவர் உண்டு. வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது வடக்கு மாட வீதியில் வாங்கி நவராத்திரிக் கொலுவில் சேர்க்காத வீடு அநேகமாக இல்லை. எங்கள் குடும்பம் சேர்த்ததோ இவை எல்லாவற்றையும்விட எளிய பொருள். வத்திப்பெட்டியின் தலைமேல் ஒட்டியிருக்கும், ஏறக்குறைய இரண்டு அங்குல நீளமுள்ள வர்ணச் சீட்டுத்தான் அது. நான்கு தலைமுறையாக அதைச் சேர்த்து வருகிறோம் என்று சொன்னால் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அமெரிக்காவில் இருக்கும் என் பெண் வயிற்றுப் பேரன் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவனும் சீட்டுச் சேர்ப்பவன். அந்தத் தேசத்தில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. நம்முடைய கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆட்டக்காரர்களின் படங்களை அட்டையில் அச்சிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிகரெட்டுப் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். பிற்பாடு மிட்டாயோடும் சவைக்கும் கோந்தோடும் கொடுத்தார்கள். தகப்பன் சேர்த்ததை மகனும் மகன் சேர்த்ததைப் பேரனும் பாதுகாத்து வருகிறார்கள். ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் படம் போட்டு, 1909-க்கும் 1911-க்கும் இடையில் வெளிவந்த சீட்டு ஒன்று, 2022-ம் வருஷத்தில் எழுபத்திரண்டரை லட்சம் டாலருக்கு விலை போயிற்று. புகையிலையோடு தம் படம் விற்கப்படுவதை வாக்னர் விரும்பவில்லையென்றும், அதனால்தான் அந்தச் சீட்டு அபூர்வமாகப் போயிற்றென்றும் ஒரு கதை சொல்லுகிறார்கள்.

"தாத்தா, உங்கள் சீட்டு ஒன்று என்ன விலை போகும்?" என்று பேரன் கேட்டான். அதற்குப் பதில் சொன்னது நான் அல்ல. சொன்னவரைப் பற்றிப் பிற்பாடு வருகிறேன்.

* * *

எங்கள் ஆல்பத்தை ஆரம்பித்தவர் என் தகப்பனார். அப்போது அவருக்குப் பத்து வயது, வருஷம் 1934. அந்த வருஷத்தில்தான் சர்க்கார் வத்திப்பெட்டிக்குக் கலால் வரி விதித்தது. வரி செலுத்தியதற்கு அடையாளமாகப் பெட்டியில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். படத்தைக் கிழியாமல் எடுப்பதற்கு அந்தப் பட்டை பெரிய இடைஞ்சலாக இருந்தபடியால், பத்து வயதிலேயே என் தகப்பனாருக்கு அந்நிய ஆட்சியின்மேல் வெறுப்பு உண்டாகிவிட்டது என்று என் பாட்டி சொல்வாள்.

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஸ்வீடன் தேசத்துப் படங்களும் ஜப்பான் தேசத்துப் படங்களும் இருக்கின்றன. உரசினால் மட்டும் எரியும் அபாயமில்லாத குச்சிக்கு வழி கண்டுபிடித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் எரிக் பாஷ் என்ற ரஸாயன நிபுணர். அவர் அதற்கு உரிமை பெற்றது 1844-ம் வருஷத்தில். அதன் பிறகு அந்தக் குளிர் தேசத்திலிருந்தும், பின்னால் ஜப்பானிலிருந்தும் கப்பல் கப்பலாகப் பெட்டிகள் நம் தேசத்துக்கு வந்தன. அந்நியச் சரக்கு என்று நமக்குத் தோன்றிவிடக் கூடாதல்லவா? அதற்காக நம்முடைய லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் கிருஷ்ணனையுமே அவற்றின்மேல் அச்சிட்டு அனுப்பினார்கள். நம் அடுப்பைப் பற்றவைக்க நம் தெய்வத்தையே நமக்கு விற்ற சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

இரண்டாவது பக்கத்திலிருந்து சுதேசிப் படங்கள். 1922-ல் வெளிநாட்டு வத்திப்பெட்டிகளுக்கு இறக்குமதித் தீர்வை உயர்ந்தது. உள்நாட்டில் செய்தால் கட்டுபடியாகும் என்ற நிலைமை ஏற்பட்டது. அதே வருஷத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு வாலிபர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்த்த அந்தக் கரிசல் சீமையில் 1923-ல் அவர்கள் வைத்த பொறிதான் பிறகு சாத்தூர், கோவில்பட்டி என்று நான்கு திக்கிலும் பரவியது. பெட்டிக்குப் படம் வேண்டும்; படத்துக்கு அச்சுக்கூடம் வேண்டும்; ஆகவே சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்தது. குச்சியின் மருந்தை அறிந்தவர்களுக்கு மத்தாப்பின் மருந்து எட்டாததா? பட்டாசும் வந்தது. இன்று நம் சுவரில் தொங்கும் காலண்டருக்கும் தீபாவளிச் சரவெடிக்கும் தாய்வீடு அந்த வத்திப்பெட்டிதான்.

முதல் பக்கத்துக்கும் இரண்டாம் பக்கத்துக்கும் நடுவில் ஒரு தனித் தாள் இருக்கிறது. அதற்குக் காரணம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு பெரிய தர்க்கம். அதே 1923-ல் ஸ்வீடன் முதலாளிகள் 'விம்கோ' என்ற கம்பெனியை இந்தியாவில் நிறுவினார்கள். திருவொற்றியூரில் அவர்களுடைய தொழிற்சாலை இருந்தது. இப்போது மெட்ரோ ரயிலில் வடக்கே கடைசி வரையில் போகிறவர்கள் விம்கோ நகர் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். அந்தப் பெட்டி சுதேசியா, விதேசியா என்பதுதான் தர்க்கம். "முதல் வெள்ளைக்காரனுடையது; ஆகவே விதேசி" என்றார் தாத்தா. "வேலை செய்கிறவன் திருவொற்றியூர்க்காரன், அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?" என்றாள் பாட்டி. தீர்ப்புச் சொல்லத் தைரியமில்லாத என் தகப்பனார் நடுவில் ஒரு தாளைச் செருகி அதில் ஒட்டிவிட்டார். பாட்டி கேட்ட அந்தக் கேள்வி எவ்வளவு ஆழமானது என்பது எங்களுக்குத் தெரிய இன்னும் எழுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

* * *

எங்கள் தாத்தா பொடி போடுகிறவர். புகைபிடிக்கும் வழக்கம் வீட்டில் யாருக்கும் இல்லாதபடியால் சமையலறைப் பெட்டி ஒன்றுதான் வரவு. அதுவும் மாதக் கணக்கில் ஒரே படம். ஆகவே தகப்பனார் வெளி உதவியை நாட வேண்டியதாயிற்று. கச்சேரி ரோடு வெற்றிலை பாக்குக் கடைக்காரரிலிருந்து மாங்கொல்லைக் கூட்டங்களுக்குப் பந்தல் போடுகிறவர் வரையில் அவருக்குச் சிநேகிதர்கள் ஏற்பட்டது இப்படித்தான். அறுபத்துமூவர் உற்சவத்துக்கு மறுநாள் விடியற்காலையில், மாட வீதிகளைப் பெருக்குகிறவர்கள் வருவதற்கு முன்னால், தெப்பக்குளத்தைச் சுற்றி அவர் ஒரு பிரதக்ஷிணம் செய்வார். கபாலீசுவரர் தரிசனத்துக்கு என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் பிறந்து விவரம் தெரிந்தபோது அவர் உத்தியோகஸ்தர், அதிகம் பேசாதவர். அந்தக் காலத்துத் தகப்பனார்களுக்குப் பிள்ளைகளோடு பேச இரண்டே விஷயங்கள் இருந்தன: பரீட்சை மார்க்கு, தலைமயிர் வெட்டிக்கொள்ளுதல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, கூடத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் வந்துவிட்டால் அவர் வேறு மனிதர். மெல்லிய மரச்சீவலால் செய்த பெட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நகத்தால் நெம்பினால் யானைக்குத் துதிக்கை போய்விடும். பசை ஊறியதும் படம் தானே கழன்று மேலே வரும். அதை என் அக்காள் இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் கண்ணாடியில் அப்புவாள். காய்ந்ததும் பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்து அழுத்துவது என் வேலை. பாட்டி படத்தைப் பார்த்துப் பெயர் வைப்பாள். தகப்பனார் ஒட்டுவார். ஒட்டிக்கொண்டே தம் சிறு வயதுக் கதைகளைச் சொல்லுவார். வாரத்தின் மற்ற ஆறு நாளில் நாங்கள் கேட்டறியாத குரல் அது.

ஆல்பத்தில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒரு படம் உண்டு என்று கேள்விப்பட்டு, அது கையில் கிடைக்காவிட்டால், அதற்காக ஒரு காலி இடத்தை விட்டுப் பென்சிலால் கட்டம் போட்டு வைப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கட்டங்களைப் பற்றி விசாரணை நடக்கும். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடைகளில் இந்தப் படங்கள் கட்டுக் கட்டாக விலைக்குக் கிடைத்த காலம் அது. 1985-ல் அந்த மார்க்கெட்டு எரிந்து போயிற்று. ஆனால் ஒரு படத்தைக்கூடக் காசு கொடுத்து வாங்க அவர் சம்மதித்ததில்லை. "வாங்கினால் கட்டம் நிரம்பிவிடும். அப்புறம் யாரைக் கேட்கிறது?" என்பார். இதன் தாத்பரியம் எனக்கு வெகு நாள் விளங்கவில்லை. பொருள் சேர்ந்தால் குடும்பம் சேர்ந்துவிடுவதில்லை. இன்னும் சேராத ஒன்றை எல்லாரும் கூடித் தேடும்போதுதான் குடும்பம் சேருகிறது. பாட்டியும் பேரனும், அத்தையும் மருமகனும் ஒரு காலிக் கட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடியும். நிரம்பிய கட்டத்தைப் பற்றி என்ன பேசுவது?

* * *

தகப்பனார் 1981-ல் காலமானார். அக்காள் கலியாணமாகித் தியாகராய நகரில் குடியேறியிருந்தாள். ஆல்பம் பெட்டிக்குள் போயிற்று.

2009-ல் என் பிள்ளை தன் விருப்பப்படி கலியாணம் செய்துகொண்டான். பெண் சாத்தூர்ப் பக்கம், அவனோடு உத்தியோகம் பார்த்தவள், நல்ல பெண். ஆனாலும் இரு தரத்துப் பெரியவர்களுக்கும் மனத்தில் ஒரு தயக்கம் இருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கும் கொஞ்சம் நெருக்கம் வேண்டுமே! சம்பந்தியம்மாள் அடையாறில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருவார். மரியாதைக்காக மயிலாப்பூர் வந்து எங்களையும் பார்ப்பார். "சௌக்கியமா இருக்கீங்களா அண்ணாச்சி? மதினி சௌக்கியமா?" என்பார். நாங்களும் "சௌக்கியம்" என்போம். காப்பி வரும். அப்புறம் எல்லாருமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்போம். வருஷக் கணக்கில் இப்படியே நடந்தது.

ஓர் ஆடி மாதத்தில் அமெரிக்காப் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவனும் என் பிள்ளை வயிற்றுப் பேத்தியும் ஆல்பத்தைத் தேடி எடுத்துத் தரையில் விரித்துக்கொண்டு, பேஸ்பால் சீட்டுகளையும் பக்கத்தில் பரப்பியிருந்தார்கள். அன்று சம்பந்தியம்மாள் வந்தார். குழந்தைகளின் தலைக்கு மேலாகக் குனிந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு படத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது எங்க ஆபீஸ் லேபிள் அண்ணாச்சி!"

சம்பந்தியம்மாள் உத்தியோகம் பார்த்த செய்தி எங்களுக்குப் புதிது. எந்த ஆபீஸ் என்று என் மனைவி மிகுந்த மரியாதையோடு விசாரித்தாள். "தீப்பெட்டி ஆபீஸ்தான் மதினி" என்றார் அவர். அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவார்களாம். அவர் அந்த ஆபீஸில் சேர்ந்தது எட்டாவது வயதில். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி.

அன்று சாயங்காலம் வரையில் அவர் பேசினார், நாங்கள் கேட்டோம். சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துவதற்குக் கட்டை அடுக்குதல் என்று பெயர். அதற்கு விரல் சிறியதாக இருந்தால் வேலை வேகமாக ஓடும். ஆகையால் குழந்தைகளைத் தேடினார்கள். வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு தாயும் பாட்டியும் குழந்தைகளுமாக வட்டமாக உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள்; லேபிளும் ஒட்டுவார்கள். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸுக்கு நூற்று நாற்பத்து நான்கு பெட்டி. பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலந்திருக்கும், அது விஷம். "சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி மூணு தரம் கையைக் கழுவச் சொல்லும் எங்க ஆத்தா" என்றார். ஆல்பத்தில் ஒரு படத்தைக் காட்டி, அச்சு ஒரு நூல் விலகியிருப்பதையும், அப்படி விலகிய கட்டுகளைச் சின்ன ஆபீஸ்களுக்குத் தள்ளிவிடுவதையும் சொன்னார். எழுபது வருஷமாக நாங்கள் பார்த்த படம் அது. எங்களில் ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை.

நாங்கள் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து லேபிளை உரித்துக்கொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமைகளில், முந்நூறு மைலுக்கு அப்பால் இன்னொரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்து அதையே ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் பாட்டி கதை சொன்னாளாம். குழந்தைகள் தூங்கிவிடாமல் இருப்பதற்காக.

பின்னால் நிலைமை மாறியது. அது தானாக மாறவில்லை. விடியுமுன் கிராமம் கிராமமாக வண்டி வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1990-ல் சலம் பென்னூர்கர் என்பவர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற படத்தை எடுத்தார். எம். ஸி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அபாயகரமான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும். அந்தக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்குச் சர்க்கார் வேலை தேடித் தர வேண்டும், இல்லாவிட்டால் தன் பங்குக்கு ஐயாயிரம் ரூபாய் போட வேண்டும் என்பது அதன் சாரம். இன்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயது வந்த பெண்மணிகள்.

சம்பந்தியம்மாள் அழவில்லை, எங்களையும் பரிதாபப்பட விடவில்லை. "நாங்க ஒட்டுனதை இத்தனை பத்திரமா வச்சிருக்கீங்களே" என்று ஆச்சரியப்பட்டார். பேரன் அப்போதுதான் விலையைக் கேட்டான். "ஒரு குரோஸுக்கு என்ன கூலி வருமோ, அதுதான் ராசா விலை" என்றார். அவன் அதை அவனுடைய வாக்னர் சீட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

* * *

சுதேசி என்று சொல்லி நாம் ஒரு பொருளை வாங்குகிறோம். அது நம் தேசத்தில் விளைந்தது, நம்மவர் முதல் போட்டது என்ற வரையில் பெருமை நியாயமானதே. சிவகாசியின் முயற்சி நம் தேசத்துக்கே கௌரவம். ஆனால் எந்த முதல் என்று தாத்தா கேட்டதோடு, எந்தக் கை என்று பாட்டி கேட்டதையும் சேர்த்துக் கேட்டால்தான் சுதேசி என்ற வார்த்தை பூர்த்தியாகும். எங்கள் ஆல்பத்தில் எழுபது வருஷமாக நிரம்பாமல் இருந்த பெரிய கட்டம் அதுதான். அதற்கு என் தகப்பனார் பென்சில் கோடு போட்டு வைக்கவில்லை; அப்படி ஓர் இடம் காலியாக இருப்பதே யாருக்கும் தெரியாது.

இப்போது ஒவ்வொரு படத்தின் கீழும் குறிப்பு எழுதும் வேலை நடக்கிறது. சம்பந்தியம்மாள் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எது சாத்தூர்ப் படம், எது கோவில்பட்டிப் படம், எது குடியாத்தத்துப் படம் என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிகிறது. தெரியாததற்கு ஊரிலுள்ள தம் தோழிகளுக்கு டெலிபோன் செய்கிறார். தியாகராய நகரில் என் அக்காளுக்கு எண்பது வயது நெருங்குகிறது. அவளும் சம்பந்தியம்மாளும் தினம் பேசிக்கொள்ளுகிறார்கள். வத்திப்பெட்டியில் ஆரம்பித்து வத்தக்குழம்பு வரையில் போகிறதாம். எங்கள் வீட்டில் அவர் வந்தால் சுவர்க் கடிகாரத்தை இப்போது யாரும் பார்ப்பதில்லை.

புதிய படம் சேருவது குறைந்துவிட்டது. மரச்சீவல் பெட்டி போய் அட்டைப் பெட்டி வந்தது. அதில் படத்தையே நேராக அச்சிட்டுவிடுகிறார்கள். ஊறவைக்க ஒன்றும் இல்லை. பதினான்கு வருஷம் ஒரு ரூபாயாக இருந்த பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆயிற்று. மலிவான லைட்டர்கள் தொழிலை அழிக்கின்றன என்று முறையிட்டதன்பேரில், இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்வதை 2023-ல் மத்திய சர்க்கார் தடுத்தது. ஆனாலும் பெட்டி வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? எங்கள் சமையலறையிலேயே சுவாமி விளக்குக்கு மட்டுந்தான் வத்திப்பெட்டி.

ஊருக்குத் திரும்புமுன் பேரன் தன் பேஸ்பால் சீட்டு ஒன்றை ஆல்பத்துக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாகப் பத்து லேபிள் எடுத்துக்கொண்டான். எந்தப் பத்து என்று பொறுக்கிக் கொடுத்தவர் சம்பந்தியம்மாள். அவன் கொடுத்த சீட்டை எந்தப் பக்கத்தில் ஒட்டுவது என்று ஒரு சிறு தர்க்கம் நடந்தது. அந்நியச் சரக்கு முதல் பக்கத்துக்குத்தான் போக வேண்டும் என்பது என் தகப்பனார் செய்த சட்டம். அதன்படி ஸ்வீடன் லக்ஷ்மிக்கும் ஜப்பான் கிருஷ்ணனுக்கும் நடுவில், கையில் மட்டையோடு ஓர் அமெரிக்கர் இப்போது நின்றுகொண்டிருக்கிறார்.